ஓதலும் எழுத்தும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



செய்தித்தாளை வாசிக்கிறோம். பாடப் புத்தகத்தைப் படிக்கிறோம். இவற்றை ஓதுகிறோம் என்று எவரும் சொல்வதில்லை. ஓதுதல் என்ற சொல்லைத் தமிழ் வேறோர் இடத்துக்கென எடுத்து வைத்திருக்கிறது. கோயிலிலே தேவாரம் பாடுபவரை ஓதுவார் என்கிறோம். மறைக்கு ஓத்து என்று பழந்தமிழில் ஒரு பெயர். வள்ளுவரும் அதை ஆண்டிருக்கிறார். இதே சொல்லைப் புத்தளம், கற்பிட்டிக் கரையோரத்து முஸ்லிம் வீடுகளில் இன்றும் நாள்தோறும் கேட்கலாம். “பிள்ளை ஓதப் போயிருக்கு” என்று ஒரு தாய் சொன்னால் பிள்ளை குர்ஆன் மத்ரஸாவுக்குப் போயிருக்கிறது என்று பொருள். ‘குர்ஆன்’ என்ற அரபுச் சொல்லின் பொருளும் ஓதல், ஓதப்படுவது என்பதுதான். ஆகவே நம்மூர்த் தாய் சொல்லும் அந்தச் சாதாரணச் சொல் மிகப் பொருத்தமான மொழிபெயர்ப்புமாகிறது.

குர்ஆனை முறைப்படி ஓதக் கற்கும் கலையைப் பற்றி ஒரு தமிழாசிரியன் ஏன் பேச வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். நான் இந்துக் கல்லூரி ஒன்றிலே இருபது ஆண்டுகளாகத் தமிழ் இலக்கணம் படிப்பிப்பவன். அரபு எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் கரையிலே, ஒரு மதிலுக்கு இப்பால் தொல்காப்பியப் பிறப்பியலைப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருக்கையில், மதிலுக்கு அப்பாலிருந்து அதே பிறப்பியல் வேறொரு மொழியில் ஓசையாக எழுந்து வருவதைக் கேட்டவன். அந்த ஆர்வத்தினாலே மௌலவி ஒருவரிடம் பல மாலைகள் சென்றிருந்து கேட்டேன். ஓதற்கலையைப் பற்றி நான் சொல்பவை அவரிடமும் நூல்களிலும் பெற்றவை. தமிழோடு ஒப்பிடுவது மட்டும் என் பொறுப்பு.

முதலிலே இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று தஜ்வீத். செம்மைப்படுத்தல் என்பது அதன் பொருள். ஒவ்வோர் எழுத்தையும் அதற்குரிய இடத்திலிருந்து, அதற்குரிய தன்மையோடும் அளவோடும் ஒலிக்கும் முறை அது. மற்றது கிராஅத். ஓதல் என்பது அதன் நேர்ப்பொருள். ஆயினும் கலைச்சொல்லாக வரும்போது, ஆசிரியர் வழிவழியாக வந்த ஓதல் மரபு ஒன்றைக் குறிக்கும். நம் ஊர்களில் ‘கிராஅத் போட்டி’ என்றதும் இனிய குரலும் இராகமும் நினைவுக்கு வருகின்றன. இராகம் இந்தக் கலையின் கடைசிப் படி. முதற்படி எழுத்து.

அதற்கு ஓர் உதாரணம் பாருங்கள். அரபிலே இதயத்துக்கு ஒரு சொல், நாய்க்கு ஒரு சொல். தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ‘கல்பு’தான். அங்கோ முதற்சொல்லின் ககரம் உள்நாக்கை ஒட்டிய அடிநாவிலே பிறக்கிறது. இரண்டாவது அதற்குச் சற்று முன்னே பிறக்கிறது. விரற்கடை தூரம் பிசகினால் இதயம் நாயாகிவிடும். ‘அலீம்’ என்ற சொல்லும் அப்படியே. தொண்டையின் நடுவிலிருந்து தொடங்கினால் ‘நன்கறிந்தவன்’. தொண்டையின் அடியிலிருந்து தொடங்கினால் ‘நோவினை தருவது’. முன்னது இறைவனைக் குறிக்கவும் பின்னது தண்டனையைக் குறிக்கவும் வரும் சொற்கள். இப்படிப் பொருளைக் கெடுக்கும் பிழையை வெளிப்படையான பிழை என்றும், பொருள் கெடாமல் ஒலியழகு மட்டும் குறைவதை மறைவான பிழை என்றும் ஓதல் நூலார் பகுப்பர்.

எழுத்துக்கள் பிறக்கும் இடங்கள் பதினேழு என்பது பெருவழக்கு. வாயினுள் வெற்றிடம் ஒன்று, தொண்டையில் மூன்று, நாவிலே பத்து, இதழில் இரண்டு, மூக்கில் ஒன்று. கி.பி. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் என்ற பேரறிஞரின் கணக்கு இது. அவருடைய மாணாக்கர் சீபவைஹி பதினாறு என்றார். கலீல் அரபு யாப்பை வகுத்தவர். அரபின் முதல் அகராதிக்கு வித்திட்டவரும் அவரே. அந்த அகராதி அகர வரிசையில் அமையவில்லை. தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் எழுத்திலே தொடங்கி, நா வழியாக இதழ்வரை வந்து முடிகிறது. நம் தொல்காப்பியரை நினைத்துக்கொள்ளுங்கள். உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பொருந்தி எழுத்தாகிறது என்று அவர் வகுத்தார். உள்ளே எழும் காற்றின் அளவெல்லாம் அந்தணர் மறையில் உள்ளது, நான் வெளிப்பட்டுக் கேட்கும் ஓசையையே சொல்கிறேன் என்று எல்லையும் கட்டினார். மறை ஓதும் மரபு உள்ள இடத்திலேதான் ஒலியைப் பற்றிய நுணுக்கம் வளர்கிறது போலும்.

இன்னொரு செய்தி என்னை வெகுவாகக் கவர்ந்தது. தொடக்க கால அரபு எழுத்தில் உயிர்க்குறிகள் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபுல் அஸ்வத் என்பவர் எழுத்தர் ஒருவரை எதிரே இருத்திக்கொண்டு, தாம் ஓதும்போது தம் வாயைக் கவனிக்கச் சொன்னாராம். வாய் திறந்தால் எழுத்தின் மேலே ஒரு புள்ளி. இதழ் குவிந்தால் பக்கத்திலே ஒரு புள்ளி. வாய் கீழே இழுபட்டால் அடியிலே ஒரு புள்ளி. எழுத்தின் நிறம் வேறு, புள்ளியின் நிறம் வேறு. அகரத்துக்கு இன்றும் அரபிலே ‘திறப்பு’ என்றும் உகரத்துக்கு ‘சேர்ப்பு’ என்றும் பொருள்படும் பெயர்களே வழங்குகின்றன. அகரம் அங்காந்து பிறக்கும், உகரம் இதழ் குவிந்து பிறக்கும் என்று தொல்காப்பியம் சொல்வதும் இதுதானே. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு இலக்கண மரபுகள் ஒரே வாயைத்தான் உற்றுப் பார்த்திருக்கின்றன.

இனி ழகரத்துக்கு வருவோம். இந்த உரையின் பெரும்பகுதியை இதற்கே செலவிடலாம் என்ற ஆசை எனக்கு.

நோன்பு மாதத்தின் பெயரை இலங்கையில் ரமழான் என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டிலே ரமலான் என்றும் ரமளான் என்றும் எழுதுகிறார்கள். பாரசீக, உருது வழியாக வந்த உச்சரிப்பு ரம்ஜான் ஆயிற்று. தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுவதை வுழூ என்கிறோம். அதையே ஒளு என்பாரும் உண்டு. கட்டாயக் கடமையைப் பர்ளு என்றும் பர்ழு என்றும் எழுதுகிறோம். இத்தனை குழப்பத்துக்கும் காரணம் ஒரே ஓர் அரபு எழுத்து. அதன் பெயரை ‘ளாத்’ என்றும் ‘ழாத்’ என்றும் நம்மவர் சொல்வர். அரபியர் தம் மொழியை அந்த எழுத்தின் மொழி என்றே பெருமையோடு அழைப்பதுண்டு. பிற மொழிகளில் அது இல்லை என்பது அவர்கள் எண்ணம். தமிழர் ழகரத்தைச் சிறப்பெழுத்து என்று போற்றுவது நாம் அறிந்ததே. தனக்கே உரியதென்று பெருமைப்பட்ட எழுத்தை ஒரு மொழி கொண்டுவர, தனக்கே உரியதென்று பெருமைப்பட்ட எழுத்தை எடுத்து மற்ற மொழி அதை வரவேற்றிருக்கிறது.

வெறும் மரியாதைக்காக அப்படிச் செய்யவில்லை. ஓதல் நூல்களின்படி அந்த எழுத்து, நாவின் பக்க விளிம்பு மேற்கடைவாய்ப் பற்களோடு பொருந்தும்போது பிறக்கிறது. சீபவைஹியும் இவ்வாறே எழுதினார். நாவிளிம்பு தடித்துப் பல்லின் அடியைத் தொட்டும் அண்ணத்தைத் தடவியும் பிறப்பவை என்று தொல்காப்பியர் எவற்றைச் சொன்னார்? லகர ளகரங்களை. அப்படியானால் பழங்காலக் கடலோரத் தமிழர், அரபு வணிகரின் வாயிலிருந்து அந்த எழுத்தைக் கேட்டபோது, அதில் லகர ளகரச் சாயலைக் கேட்டது செவிப்பிழை ஆகாது. வேறு சான்றும் உண்டு. நீதிபதியைக் குறிக்கும் அரபுச் சொல் ஸ்பெயின் நாட்டு மொழியில் ‘அல்கால்தே’ ஆயிற்று. அரபிலே இல்லாத லகரம் ஒன்று அங்கே நடுவில் ஒலிக்கிறது. மேற்கே ஸ்பெயினிலும் கிழக்கே நம் கரையிலும் மக்கள் ஒரே சாயலைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

இதிலே இன்று ஒரு மனவருத்தமும் கலந்திருக்கிறது. வெளிநாடுகளில் கற்று வந்த இளைஞர் சிலர், பழைய லெப்பைமார் ழகரம்போல ஓதுவது பிழை என்கிறார்கள். எகிப்திய ஓதுவார்களின் வாயில் அது கனத்த டகரம்போல ஒலிக்கிறது. ஒரு கிராமத்திலே அறுபது வருடம் ஓதிக் கொடுத்த முதியவர் ஒருவர், பேரனின் திருத்தத்தைக் கேட்டபின் சபையில் ஓதுவதையே நிறுத்திவிட்டார் என்று மௌலவி சொன்னார். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுடையவன் அல்லன். மௌலவியிடம் கேட்டேன். “ழவும் இல்ல சேர், டவும் இல்ல. ரெண்டுக்கும் நடுவில ஒண்ட நாக்குக்குத்தான் காட்டேலும், காதுக்குக் காட்டேலாது” என்றார். நாவுக்கு மிகக் கடினமான எழுத்து அதுவே என்று அந்தக் கலையின் ஆசிரியர்களும் எழுதியிருக்கிறார்கள். முதியவரின் ழகரத்துக்குப் பின்னால் பல நூற்றாண்டுக் கேள்வி இருக்கிறது என்பதை மட்டும் மொழி படித்தவன் என்ற உரிமையில் சொல்லி வைக்கிறேன்.

புணர்ச்சி விதிகளைக் கண்டு அஞ்சும் மாணவர்க்கு ஓதற்கலை ஒரு துணை. உயிர்க்குறி இல்லாத னகர மெய் வரும்போது அடுத்து வரும் எழுத்தை நோக்கி நான்கு விதிகள். தொண்டை எழுத்து ஆறில் ஒன்று வந்தால் னகரம் தெளிவாக ஒலிக்கும். வேறு ஆறு எழுத்துக்களில் ஒன்று வந்தால் அதனோடு கலந்துவிடும். பகர இனமான ‘பே’ வந்தால் மகரமாகத் திரியும். எஞ்சிய பதினைந்தும் வந்தால் பாதி மறைந்து மூக்கொலியாக நிற்கும். மகர ஈறு ககரத்தின் முன் ஙகரமாகவும் சகரத்தின் முன் ஞகரமாகவும் திரிவதை நாம் ‘மரங்கள்’, ‘மரஞ்செடி’ என்று படிப்பிக்கிறோம். வகுப்பறையில் அது கரும்பலகையில் உள்ள விதி. மத்ரஸாவிலே எட்டு வயதுப் பிள்ளை விதியின் பெயரைச் சொல்லாமலே வாயால் செய்து காட்டுகிறது. பெயர் பிறகு வருகிறது.

மாத்திரையும் அப்படியே. கண்ணிமைப்பும் கைந்நொடியும் நமக்கு அளவு. அவர்களுக்கு விரலை மடக்கி விரிக்கும் நேரம். இயல்பான நெடிலுக்கு இரண்டு அளவு; சில இடங்களில் நான்கு அல்லது ஐந்து; சில இடங்களில் கட்டாயமாக ஆறு. நம் அளபெடையை விடவும் நீண்டது அது. பிள்ளைகள் மடியிலே கை வைத்து விரல்களை மடக்கியபடி ஓதுவதைப் பார்க்கையில் தாளம் போடுகிறார்கள் என்று நினைப்போம். அவர்கள் மாத்திரை எண்ணுகிறார்கள்.

நிறுத்தற் குறிகள் இன்னொரு பாடம். ‘பலகை’ என்பதைப் பல கை என்றும் பிரிக்கலாம் என்று நாம் வேடிக்கையாகச் சொல்லிக் கொடுக்கிறோம். மறையை அவ்வாறு வேடிக்கை செய்ய முடியாது. எங்கே கட்டாயம் நிற்க வேண்டும், எங்கே நிற்கலாம், எங்கே நிற்கவே கூடாது என்பவற்றைச் சிறிய எழுத்துக்களால் வரிகளின் மேலே குறித்திருப்பர். இந்திய உபகண்டத்தில் அச்சான பிரதிகளில் காணும் குறிகள் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சஜாவந்தி என்பவரின் முறையைத் தழுவியவை. இப்போது மதீனாவில் அச்சாகும் பிரதிகளும் நம் வீடுகளுக்கு வந்துவிட்டன. அவற்றின் குறிகள் சற்று வேறு. ஆகவே பாட்டியின் பிரதியில் ஓதிப் பழகிய பிள்ளை மாமா கொண்டுவந்த பிரதியில் தடுமாறுவதுண்டு.

நேயர்களே, ஏழு ஓதல் முறைகள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நம்மிடையே இதைப் பாடபேதம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பொருந்தாது. ஏட்டுச் சுவடியிலே மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். படி எழுதியவர் கைத்தவறுகளும் சேர்ந்தன. அவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றவற்றைத் தள்ளுவது பதிப்பாசிரியர் வேலை. ஓதல் முறைகளின் கதை வேறு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோழர் உமர், ஹிஷாம் என்ற இன்னொரு தோழர் ஓர் அத்தியாயத்தைத் தாம் கற்றதற்கு வேறாக ஓதக் கேட்டார். சினந்து, அவரை மேலாடையைப் பற்றி இழுத்துக்கொண்டு நபிகளிடம் சென்றார். நபிகள் இருவரையும் ஓதச் சொல்லிக் கேட்டு, இருவருக்கும் ‘இவ்வாறே அருளப்பட்டது’ என்றார்கள் என்பது நபிமொழித் தொகுப்புக்களில் உள்ள செய்தி. அங்கே ஒன்று சரி, மற்றது பிழை என்ற தீர்ப்பு இல்லை.

கலீபா உஸ்மான் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 650ஆம் ஆண்டளவில், எழுத்துப் பிரதி ஒழுங்காக்கப்பட்டுப் பல நகரங்களுக்கு அனுப்பப்பட்டது. அதே எழுத்தை, அதன் எல்லைக்குள் நின்று, மக்கா, மதீனா, பஸ்ரா, கூபா, திமிஷ்க் நகரங்களின் ஆசிரியர்கள் தத்தம் கேள்வி வழியே ஓதிக் கற்பித்தனர். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு முஜாஹித் அவர்களுள் எழுவரைத் தேர்ந்து நூல் செய்தார். அவர் காலமானது 936இல். பின்னர் பதினைந்தாம் நூற்றாண்டில் மறைந்த இப்னுல் ஜஸரி மூவரைச் சேர்த்துப் பதின்மர் என்று நிலைநிறுத்தினார். ஒவ்வோர் ஆசிரியருக்கும் இரண்டு மாணாக்கர் வழி. நம் கரையில் ஓதுவது கூபா நகரத்து ஆஸிம் என்பவரின் ஓதல். அவருடைய வளர்ப்பு மகன் ஹப்ஸ் வழியாக வந்தது. இன்று உலகின் பெரும்பகுதியில் இதுவே வழங்குகிறது. 1924இல் கெய்ரோவில் அச்சான பிரதி இந்த முறையில் அமைந்தது இதன் பரவலுக்குப் பெரிதும் உதவியது. மொரோக்கோவிலும் மேற்கு ஆபிரிக்காவிலும் மதீனா நகரத்து நாபிஉ என்பவரின் ஓதல், வர்ஷ் வழியாக. லிபியாவிலே அதே நாபிஉவின் ஓதல், காலூன் வழியாக.

வேறுபாடு எத்தகையது? முதல் அத்தியாயத்திலேயே காணலாம். தீர்ப்பு நாளுக்கு உரிமையாளன் என்று பொருள்படும் சொல்லை ஆஸிம் முதலெழுத்தை நீட்டி ஓதினார். வேறு பலர் குறுக்கி ஓதினர். குறுக்கினால் அரசன் என்று பொருள். உரிமையாளன், அரசன். இறைவனுக்கு இரண்டும் பொருந்தும். ஒரு மாத்திரை நீட்சியிலே இரண்டு பொருள்களையும் காத்து வைத்திருக்கிறார்கள். இன்னொன்று: அகரத்தை எகரத்தின் பக்கம் சாய்த்து ஓதும் வழக்கம் சில முறைகளில் பரவலாக உண்டு. ஹப்ஸ் வழியிலோ முழுக் குர்ஆனிலும் ஒரே ஒரு சொல்லில்தான் அந்தச் சாய்வு. நூஹ் நபியின் கப்பல் புறப்படும் இடத்தில் வருகிறது அது. கடலோரப் பிள்ளைகள் அந்தச் சொல்லை விரும்பி ஓதுகிறார்கள்.

இத்தனை நுணுக்கங்களையும் எப்படி நினைவில் வைத்தார்கள்? நன்னூலார் செய்ததையே செய்தார்கள். பாட்டாக்கினார்கள். அந்தலூசிய நாட்டில் பிறந்து கெய்ரோவில் 1194இல் மறைந்த ஷாதிபீ, ஏழு ஓதல்களின் விதிகளையும் 1173 செய்யுட்களில் அடக்கினார். ஆசிரியர் பெயர்களுக்குப் பதில் எழுத்துக்களைக் குறியீடாக அமைத்துச் சுருக்கத்திலும் சுருக்கம் செய்தார். ஷாதிபீ பார்வையற்றவர். இப்னுல் ஜஸரி தஜ்வீத் விதிகளை நூற்றுச் சொச்சம் அடிகளில் தந்தார். மத்ரஸா மாணவர் இன்றும் இவற்றை மனனம் செய்கிறார்கள். சூத்திரத்தை மனனம் செய்வது பழமை என்று நாம் கைவிட்டுவிட்ட காலத்தில், பக்கத்து வளவிலே அது உயிரோடு இருக்கிறது.

இனி இராகம். அரபு இசையின் பயாத்தி, ரஸ்த், ஹிஜாஸ், ஸபா முதலான பண்ணமைதிகளில் குரலை ஏற்றி இறக்கி ஓதுவது எகிப்திய ஓதுவார்களால் உலகெங்கும் பரவியது. அப்துல் பாஸித் (1927–1988) அவர்களின் நீண்ட மூச்சையும், முஹம்மத் ஸித்தீக் மின்ஷாவி (1920–1969) அவர்களின் துயரம் தோய்ந்த குரலையும் ஒலிநாடாக்களில் கேட்டு வளர்ந்த தலைமுறை நம் கரையிலும் உண்டு. மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி (1917–1980) முழுக் குர்ஆனையும் அமைதியான நடையில் ஒலிப்பதிவு செய்து தந்தது 1960களின் தொடக்கத்தில். 1964இல் கெய்ரோவில் குர்ஆனுக்கெனத் தனி வானொலியே தொடங்கிற்று. வானொலிக்காரன் என்ற முறையில் அந்த ஒலிநாடாக்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனாலும் வானொலியால் முடியாத ஓர் இடம் இந்தக் கலையில் இருக்கிறது.

யூஸுப் நபியின் கதை வரும் பன்னிரண்டாவது அத்தியாயத்தில் ஒரு சொல். அதை ஓதும்போது நடுவிலே இதழ்களைக் குவித்து மீள விரிக்க வேண்டும், ஓசையில்லாமல். உகரத்தின் வடிவம் மட்டும் வாயில் தோன்றி மறையும். கேட்பவர் செவிக்கு எதுவும் எட்டாது. இதனை இஷ்மாம் என்பர். முன்னொரு காலத்தில் அங்கே ஓர் உகரம் இருந்து மறைந்தது என்பதற்கு அடையாளம் அது. ஒலிநாடாவில் அது பதியாது. ஆசிரியர் முன் அமர்ந்து, அவர் வாயைப் பார்த்தாலன்றி அறிய வழியில்லை. காலூன் என்று முன்னர் சொன்னேனே, அவர் செவிப்புலன் மிகக் குறைந்தவர் என்றும் மாணாக்கரின் இதழைப் பார்த்தே பிழை திருத்துவார் என்றும் மரபு சொல்லுகிறது. பார்வையற்ற ஒருவர் விதிகளைப் பாட்டாக்கினார். செவி மங்கிய ஒருவர் ஓதலைக் காத்துத் தந்தார்.

2020இல் கொரோனாத் தொற்றினால் பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்த காலத்தில் எங்கள் மௌலவி கைப்பேசிக் குரற்பதிவு மூலம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தார். அந்த அனுபவத்தைக் கேட்டேன். “சத்தம் வருது சேர், வாய் வருதில்ல” என்றார். ஆசிரியர் ஓத மாணவர் கேட்பது ஒரு பாதி. மாணவர் ஓத ஆசிரியர் கேட்பது மறுபாதி. அரபிலே இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. தமிழிலே ‘பாடம் கேட்டல்’ என்று நாம் சொல்லி வந்ததும் இதைத்தான். உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார் என்கிறோம். படித்தார் என்று சொல்வதில்லை. திருமுறை கண்ட வரலாற்றிலும் தில்லையில் ஏடு கிடைத்த பின்னரும் பண் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணின் வாயிலிருந்தே அது பெறப்பட்டது என்கிறார்கள். இன்று என் வகுப்பில் உயர்தரத்துக்குத் தமிழ் எடுக்கும் மாணவர் சிலர் ழகரம் எங்கே பிறக்கும் என்று பிழையில்லாமல் எழுதிப் புள்ளி பெறுகிறார்கள். அந்த விடையைப் படித்துக் காட்டச் சொன்னால் ளகரமாகப் படிக்கிறார்கள். அவர்களுள் முஸ்லிம் மாணவரும் இருக்கிறார்கள். மதிலுக்கு அப்பால் ஓர் எழுத்துக்காக ஒரு மாதம் உழைத்த அதே நா, மதிலுக்கு இப்பால் வந்ததும் சோம்பிவிடுகிறது. குறை நாவில் இல்லை. கேட்டுத் திருத்தும் காதை நாங்கள் வகுப்பறையிலிருந்து எடுத்துவிட்டோம். பரீட்சைத் தாளுக்குக் காது இல்லை.

ஓதலை நெஞ்சில் வைப்பது எதற்கு, அச்சுப் பிரதிதான் மலிந்து கிடக்கிறதே என்று கேட்போர்க்கு எங்கள் கரையிலே ஒரு விடை உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மாகாணம் முழுவதிலுமாக 70,000க்கு மேற்பட்டவர்கள் வீடுவாசல் இழந்தார்கள். பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. கற்பிட்டி வீதியோரம் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. தமிழ் பேசும் ஒருவனாக அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது என் குரல் தாழ்ந்துவிடுகிறது. அந்தக் கொட்டில்களிலே, பாய்கூடப் போதாத இடத்தில், பிள்ளைகளை வட்டமாக இருத்தி ஓதல் தொடங்கிவிட்டது என்று அந்நாளில் பிள்ளையாக இருந்த மௌலவி நினைவுகூர்ந்தார். நெஞ்சிலே முப்பது பாகமும் வைத்திருந்தவருக்குப் பிரதி வந்து சேரும்வரை காத்திருக்கத் தேவை இருக்கவில்லை.

முழுவதையும் விதிப்படி ஓதிக் காட்டிய மாணவருக்கு ஆசிரியர் இஜாஸா என்ற அனுமதிப் பத்திரம் வழங்குவார். அதிலே புள்ளியோ தரமோ இராது, பெயர்கள் இருக்கும். இன்னாரிடம் நான் ஓதினேன், அவர் இன்னாரிடம் ஓதினார் என்று ஒருவர் பின் ஒருவராக, முப்பதை அண்டிய தலைமுறைகள், ஹப்ஸ், ஆஸிம் வழியாக நபித்தோழர்வரை, நபிகள் நாயகம்வரை செல்லும் வரிசை. மௌலவி தம்முடையதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கவில்லை. மடித்துப் பெட்டியிலே வைத்திருந்ததை எனக்கு எடுத்துக் காட்டினார். எனக்கு வாசிக்கத் தெரியாத அந்தப் பெயர்களின் மேலே விரலை வைத்து ஒவ்வொன்றாக ஓதிக் காட்டினார். இப்போது அவரிடம் கடைசிப் பாகங்களை ஓதிக்கொண்டிருப்பவர்கள் இருவர். ஒருவன் மீன்பிடிக்கும் குடும்பத்துப் பையன். மற்றவன் உப்பளத்துத் தொழிலாளியின் மகன். அடுத்த நோன்புக்கு முன் அவர்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று, தம் பெயருக்குக் கீழே வரவேண்டிய வரியின் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.